விளையாட்டல்லாத சிமுலேஷனுக்குக் கேம் என்ஜின்: உரிமம் பெறும் வழிமுறை

கிரேன் ஓட்டுநருக்கான பயிற்சிக் கருவி, அறுவைச் சிகிச்சை ஒத்திகை, ஓட்டுநரில்லா வாகனத்தின் சோதனைக்களம், தீயணைப்பு வீரருக்கான மெய்நிகர் பயிற்சி எனப் பல சிமுலேட்டர்கள் இன்று கேம் என்ஜின்களின், அதாவது கணினி விளையாட்டுகளை உருவாக்க உதவும் அடிப்படை மென்பொருள்களின், மேல்தான் கட்டப்படுகின்றன. ஒளியும் நிழலும், மோதலும் ஈர்ப்பும், வி.ஆர். தலைக்கருவிக்கான ஆதரவும் ஆயத்தமாகக் கிடைக்கும்போது அவற்றைப் புதிதாக எழுத எவரும் முனைவதில்லை. ஆனால் இந்த என்ஜின்களின் உரிம ஒப்பந்தங்கள் விளையாட்டை விற்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விளையாட்டில் வருவாய் பிரதிக்குப் பிரதி வருகிறது. அதில் விழுக்காடு கேட்பது என்ஜின் நிறுவனத்துக்கு எளிது. சிமுலேட்டரிலோ ஒரே வாடிக்கையாளர், ஒரே ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத் தொகைக்குள் வன்பொருள், நிறுவும் கூலி, பயிற்றுநர் சம்பளம், பத்தாண்டுப் பராமரிப்பு என எல்லாம் கலந்து கிடக்கும். இதனால்தான் என்ஜின் நிறுவனங்கள் விளையாட்டல்லாத துறைகளுக்குத் தனி விதிகளை வகுத்தன. அந்த விதிகளில் தம் திட்டம் எங்கே விழுகிறது என்று பார்க்காமல், 'இலவசமாகப் பதிவிறக்கலாம்' என்ற ஒரே செய்தியை நம்பித் தொடங்கும் திட்டங்கள் பிற்பாடு சிக்குகின்றன.

இந்தப் பிரிவினை புதிதன்று. மைக்ரோசாஃப்ட் தன் விமானச் சிமுலேட்டரை வீட்டுப் பொழுதுபோக்குக்கென விற்றபோது, பயிற்சி நிறுவனங்களுக்காக அதே தொழில்நுட்பத்தை 2007ஆம் ஆண்டில் ஈ.எஸ்.பி. என்ற தனிப் பெயரில், தனி உரிமத்தில் அறிவித்தது. 2009இல் லாக்ஹீட் மார்ட்டின் அதன் உரிமையைப் பெற்று, அதிலிருந்து பிரிபேர்3டி என்ற மென்பொருளை உருவாக்கியது. அதன் உரிமம் நேர்மாறானது: கல்விக்கும் தொழில்முறைப் பயிற்சிக்கும் தரப்படும், தனிநபர் பொழுதுபோக்குக்குத் தரப்படாது. நிரலின் வேர் ஒன்றுதான். இரண்டு உரிமங்களைப் பிரித்தது பயன்பாடு மட்டுமே. சிமுலேஷனுக்கு உரிமம் தேடும் எவரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். எந்த மென்பொருள் என்பதைவிட, யார், எதற்காக, யாருடைய பணத்தில் பயன்படுத்துகிறார் என்பதே கட்டணத்தைத் தீர்மானிக்கிறது.

ஆகவே என்ஜினைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னரே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினின் எடிட்டரை, அதாவது காட்சிகளை உருவாக்கித் திருத்தும் மென்பொருளைத் திறந்து வேலை செய்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் எல்லாரும் உங்கள் ஊழியர்களா, ஒப்பந்தப் பணியாளர்களும் உண்டா என்பது முதல் செய்தி. முடிந்த செயலியை இயக்கப்போகிறவர் யார் என்பது அடுத்தது: உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இயங்குமா, ஒரே வாடிக்கையாளருக்கென்று தனியாகச் செய்து கொடுக்கிறீர்களா, அல்லது கேட்பவருக்கெல்லாம் விற்கும் ஆயத்தப் பொருளா? வாடிக்கையாளர் பிற்பாடு தாமே காட்சிகளை மாற்ற விரும்புவாரா என்பதையும், மூல நிரலைக் கேட்பாரா என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். கடைசியாக, கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் நிறுவனத்தின் மொத்த வருவாய் எவ்வளவு, வாடிக்கையாளர் நிறுவனத்தின் வருவாய் ஏறத்தாழ எவ்வளவு என்று குறியுங்கள். வாடிக்கையாளரின் வருவாய் நமக்கு எதற்கு என்று தோன்றலாம்; யூனிட்டி என்ற என்ஜினைப் பற்றிப் பேசும்போது அதன் தேவை விளங்கும்.

விளக்கத்துக்காக ஒரு திட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். துறைமுகப் பயிற்சி நிலையம் ஒன்றுக்குக் கன்டெய்னர் கிரேன் சிமுலேட்டர் செய்துகொடுக்கும் நிறுவனம். எடிட்டரில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குச் சற்று மேல். இந்தியக் கணக்கில் அது எட்டுக் கோடி ரூபாயைத் தாண்டும் தொகை. வன்பொருளையும் சேர்த்து விற்கும் நிறுவனத்துக்கு இது பெரிய தொகையன்று. நகரும் மேடையுடன் கூடிய ஓட்டுநர் அறைகள் சிலவற்றை விற்றாலே வரம்பு நெருங்கிவிடும்.

அன்ரியல் என்ஜினை முதலில் எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம் 2015 மார்ச்சில் மாதச் சந்தாவை நீக்கி, என்ஜினை அனைவருக்கும் இலவசமாகத் திறந்து, வருவாயில் ஐந்து விழுக்காடு ராயல்டி என்ற முறைக்கு வந்தது. 2020 மே மாதத்தில் ஒரு பொருளின் வாழ்நாள் வருவாயில் முதல் 10 லட்சம் டாலருக்கு ராயல்டி இல்லை என்று தளர்த்தியது. அந்தக் காலத்தில் விளையாட்டல்லாத துறையினர் பலர் ஒரு காசும் கட்டாமல் அன்ரியலைப் பயன்படுத்தினர். 2024 ஏப்ரலில் 5.4ஆம் பதிப்புடன் இது மாறியது. ஆண்டு மொத்த வருவாய் 10 லட்சம் டாலருக்கு மேல் உள்ள, விளையாட்டு செய்யாத நிறுவனங்கள் ஓர் இருக்கைக்கு, அதாவது எடிட்டரைப் பயன்படுத்தும் ஓர் ஆளுக்கு, ஆண்டுக்கு 1,850 டாலர் செலுத்த வேண்டும் என்ற விதி வந்தது. கட்டடக் காட்சிகளை உருவாக்கும் ட்வின்மோஷனும், ஒளிப்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் எடுக்கும் ரியாலிட்டிகேப்சரும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கின. மாணவர், ஆசிரியர், கல்வி நிலையம், பொழுதுபோக்காகச் செய்பவர், வருவாய் அந்த வரம்புக்குக் கீழுள்ள நிறுவனம் ஆகியோர் கட்டணமின்றித் தொடரலாம்.

இங்கே கவனமாகப் படிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. செயலி இயங்கும்போது என்ஜினின் நிரல் அதனுள் இருந்து, அந்தச் செயலி மூன்றாம் தரப்புப் பயனருக்கு உரிமமாக விற்கப்படுமானால், அது விளையாட்டாக இல்லாவிட்டாலும் ராயல்டி வழியில் போகிறது. இருக்கைக் கட்டணம் அதற்கில்லை. நிறுவனம் தன் உள்ளகப் பயிற்சிக்கோ, வடிவமைப்பு ஆய்வுக்கோ, காணொளி தயாரிக்கவோ பயன்படுத்தினால் அது இருக்கை வழி. நம் கிரேன் நிறுவனம் சந்தைக்கென ஓர் ஆயத்தச் சிமுலேட்டரைச் செய்து பல துறைமுகங்களுக்கு விற்று, அந்தப் பொருளின் வாழ்நாள் வருவாய் 15 லட்சம் டாலரைத் தொட்டால், முதல் 10 லட்சத்தைக் கழித்த மீதி 5 லட்சத்தில் ஐந்து விழுக்காடு, அதாவது 25,000 டாலர், ராயல்டியாகும். அதே நிறுவனம் இருக்கை வழியில் விழுந்தால் எட்டு இருக்கைக்கு ஆண்டுக்கு 14,800 டாலர். வேலை மூன்றாண்டு நீண்டால் 44,400 டாலர். எந்த வழி மலிவு என்பது விற்பனையையும் கால அளவையும் பொறுத்தது. ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. பயன்பாடு எந்த வகையோ அதுவே வழி.

சிக்கல் நடுவில் நிற்கும் திட்டங்களில் வருகிறது. ஒரே துறைமுகத்துக்கென்று செய்த சிமுலேட்டரை, அந்தத் துறைமுகத்தின் நாற்பது பயிற்சிக் கணினிகளில் நிறுவினால் அது உரிமமாக விற்ற பொருளா, பணியாகச் செய்து கொடுத்த பொருளா? இரண்டாம் ஆண்டில் அதே நிரலைச் சற்றே மாற்றி இன்னொரு துறைமுகத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? இத்தகைய நிலையில் இணையத்தில் பிறர் சொல்வதை நம்பாமல், திட்டத்தின் விவரத்தை எழுதி எபிக்கின் உரிமப் பிரிவுக்கே அனுப்பி, எழுத்துமூலமான பதிலைப் பெறுவதே சரி. வன்பொருளோடு சேர்த்து விற்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ராயல்டி கணக்கிடும் தொகையில் ஓட்டுநர் அறையும் நகரும் மேடையும் எப்படிச் சேர்கின்றன? இரண்டு கோடி ரூபாய்ப் பொருளில் மென்பொருளின் பங்கு முப்பது லட்சமாக இருக்கலாம். விலைப்பட்டியலில் இரண்டையும் தொடக்கத்திலேயே தனித்தனி வரியாகக் காட்டும் பழக்கம் நல்லது. பின்னால் பிரித்துக் காட்டினால் அதற்கு மதிப்புக் குறைவு. பெரிய நிறுவனங்கள் எபிக்குடன் தனி ஒப்பந்தம் பேசிக்கொள்ளவும் வழி உண்டு.

பதிப்பு பற்றிய நுணுக்கம் சிமுலேஷன் துறையினருக்கு மிகப் பயன்படுவது. இருக்கைக் கட்டணம் 5.4ஆம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது, 5.3லும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் நின்றுவிடுபவர்களுக்குப் பழைய விதிகளே தொடரும். ஒரு சிமுலேட்டர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இயங்க வேண்டிய பொருள் என்பதால், பதிப்பை உயர்த்துவதா என்ற முடிவைத் தொழில்நுட்பப் பிரிவு மட்டும் தனியே எடுக்கக் கூடாது. பழைய பதிப்பில் நிற்பதற்கும் விலை உண்டு: புதிய வி.ஆர். கருவிகளும் புதிய இயங்குதளங்களும் அதற்கு ஒத்துழைக்காமல் போகும். என் கணிப்பில், வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்ட சிமுலேட்டரின் பதிப்பை உறையவைப்பதும், அடுத்த தலைமுறைத் திட்டத்தைப் புதிய பதிப்பில் புதிய விலையோடு தொடங்குவதும் குழப்பம் குறைந்த வழி.

அரசு டெண்டர்களில் பங்கேற்பவர்கள் இன்னொரு கண்ணியைக் கவனிக்க வேண்டும். 'மூல நிரல் முழுவதையும் ஒப்படைக்க வேண்டும்' என்று டெண்டர் நிபந்தனை இருக்கும். அதை எழுதியவர் கேம் என்ஜினை நினைத்து எழுதியிருக்க மாட்டார். அன்ரியலின் மூல நிரல் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளம் வழியாக எவருக்கும் கிடைக்கிறது என்றாலும், அதை அந்த உரிம ஒப்பந்தத்தை ஏற்றவர்களோடு மட்டுமே பகிரலாம். வாடிக்கையாளரும் தம் பெயரில் ஒப்பந்தத்தை ஏற்றுக் கணக்குத் தொடங்கினால்தான் என்ஜின் நிரலைக் கையில் கொடுக்க முடியும். ஆகவே டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே, 'நாங்கள் எழுதிய நிரலை முழுமையாக ஒப்படைப்போம்; என்ஜினின் நிரல் அதன் உரிமையாளரின் விதிகளுக்கு உட்பட்டது' என்று எழுத்தில் விளக்கம் கேட்டுப் பெறுங்கள். வாடிக்கையாளரின் பயிற்றுநர் எடிட்டரைத் திறந்து காட்சிகளை மாற்ற விரும்பினால் அவரும் எடிட்டரைப் பயன்படுத்துபவரே. வாடிக்கையாளர் நிறுவனம் வரம்புக்கு மேலிருந்தால் இருக்கைக் கட்டணக் கேள்வி அங்கேயும் எழும். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. வானிலை, காற்றின் வேகம், கன்டெய்னர் எடை, விபத்துச் சூழல் போன்றவற்றை மாற்றும் பயிற்றுநர் திரையைச் செயலிக்குள்ளேயே கட்டிக்கொடுத்துவிட்டால், பயிற்றுநர் எடிட்டரைத் தொட வேண்டியதே இல்லை. இது உரிமச் சிக்கலை மட்டுமன்றி ஆதரவு அழைப்புகளையும் குறைக்கும்.

யூனிட்டியின் கணக்கு வேறு மாதிரியானது. தனிநபர் உரிமமான பெர்சனலுக்கு வருவாய் வரம்பு ஒரு லட்சம் டாலராக இருந்தது. 2024 அக்டோபரில் யூனிட்டி 6 வெளிவந்தபோது இரண்டு லட்சமாக உயர்ந்தது. அதற்கு மேலுள்ளவர்களுக்குப் புரோ. 2025 ஜனவரியில் அதன் விலை ஆண்டுக்கு இருக்கைக்கு 2,200 டாலராக உயர்ந்தது. ஆனால் விளையாட்டல்லாத தொழில்துறைப் பயன்பாட்டில், கடந்த பன்னிரண்டு மாத வருவாயும் திரட்டிய நிதியும் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் புரோ போதாது. யூனிட்டி இண்டஸ்ட்ரி என்ற, விலை கணிசமாகக் கூடிய உரிமம் தேவை. பொறியியல் வரைபடக் கோப்புகளை உள்ளே கொண்டுவரும் கருவிகள் அதோடு சேர்ந்து வருகின்றன என்பதால், கிரேனின் முப்பரிமாண வடிவத்தை உற்பத்தியாளரிடமிருந்து வாங்கிச் செய்பவர்களுக்கு அந்தக் கூடுதல் விலையில் ஒரு பகுதி நியாயமாகலாம்.

வாடிக்கையாளரின் வருவாயைக் குறித்துவைக்கச் சொன்னதன் காரணம் இங்கே வருகிறது. யூனிட்டியின் விதிகளின்படி, இன்னொரு நிறுவனத்துக்காகப் பணி செய்து கொடுக்கும்போது அந்த நிறுவனத்தின் நிதி நிலையும் தகுதி வரம்புக் கணக்கில் வருகிறது. மூன்று பேர் கொண்ட சிறிய குழு, வருவாய் சில லட்ச ரூபாய்தான் என்றாலும், பெரிய துறைமுக நிறுவனத்துக்காகச் சிமுலேட்டர் செய்யும்போது பெர்சனல் உரிமத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. அத்துடன் ஒரே திட்டத்தில் சிலர் பெர்சனலிலும் சிலர் புரோவிலும் கலந்து வேலை செய்யவும் அனுமதி இல்லை. பகுதிநேரமாக உதவும் மாடலிங் கலைஞர் தம் சொந்த மடிக்கணினியில், தம் பெர்சனல் உரிமத்தில் திட்டத்தைத் திறப்பது மிகச் சாதாரணமாக நடப்பது, அதுவே விதிமீறல். விலை சொல்லும்போது உரிமச் செலவை வாடிக்கையாளரின் அளவுக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும், நம் அளவுக்கு அன்று. சிறிய குழுக்கள் நட்டப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விதிகள் நடுவழியில் மாறும் என்பதற்கும் யூனிட்டியின் வரலாற்றிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. 2018 டிசம்பரில் அது தன் விதிகளில், தொலைவிலுள்ள சர்வர்களில் என்ஜினை இயக்குவது பற்றிய பிரிவை மாற்றியது. லண்டனைச் சேர்ந்த இம்ப்ராபபிள் நிறுவனத்தின் விளையாட்டுகளைத் தொலை சர்வர்களில் இயக்க உதவும் ஸ்பேஷியல்ஓஎஸ் தளம் அதில் சிக்கியது. 2019 ஜனவரி 10 அன்று அந்த நிறுவனம் இதை வெளிப்படையாக அறிவிக்க, எழுந்த எதிர்ப்பையடுத்து யூனிட்டி சில நாட்களிலேயே விதியைத் திருத்தி, பழைய பதிப்பில் நிற்பவர்கள் அந்தப் பதிப்பின் விதிகளிலேயே தொடரலாம் என்று உறுதியளித்தது. பின்னர் 2023 செப்டம்பர் 12 அன்று, நிறுவல் எண்ணிக்கைக்கு ஏற்ப ரன்டைம் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. பத்து நாளில் அது தளர்த்தப்பட்டு, சரியாக ஓராண்டு கழித்து 2024 செப்டம்பர் 12 அன்று முழுமையாகக் கைவிடப்பட்டது. நான் யூனிட்டியைக் குறைசொல்ல இதை எடுத்துச் சொல்லவில்லை. அன்ரியலும் தன் விதிகளைப் பலமுறை மாற்றியுள்ளது. சிமுலேஷனில் தொலை சர்வரில் காட்சியை உருவாக்கி உலாவி வழியாக அனுப்பும் முறை பெருகிவருகிறது. அந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், இம்ப்ராபபிளுக்கு நேர்ந்ததை நினைவில் வைத்து, சர்வர் மற்றும் ஸ்ட்ரீமிங் பிரிவைத் தனியாக ஒருமுறை படிக்க வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை வேலை மிக எளிது. திட்டம் தொடங்கும் நாளில் உரிம ஒப்பந்தத்தின் முழு உரையையும் பி.டி.எஃப். ஆகச் சேமித்து, என்ஜின் பதிப்பு எண்ணையும் தேதியையும் அதன்மேல் குறித்து, என்ஜினின் நிறுவல் கோப்பையும் சேர்த்துத் திட்டக் கோப்புகளோடு காப்பகப்படுத்துங்கள். எந்த விதிக்கு ஒப்புக்கொண்டோம் என்று ஏழாண்டு கழித்துக் காட்ட வேண்டிய நிலை வந்தால், நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அன்றைய விதி மட்டும்தான் இருக்கும்.

கட்டற்ற என்ஜின்களுக்கு, அதாவது மூல நிரலை எவரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடியவற்றுக்கு, வருவோம். கோடோ 2014 பிப்ரவரியில் எம்.ஐ.டி. உரிமத்தில் திறக்கப்பட்டது. வருவாய் வரம்பு இல்லை, ராயல்டி இல்லை, இருக்கை எண்ணிக்கை இல்லை. பதிப்புரிமை வரியையும் உரிம உரையையும் செயலியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அதற்குள் அடங்கியுள்ள பிற நூலகங்களின் அறிவிப்புகளையும் சேர்க்க மறக்கக் கூடாது; செயலிக்குள் 'உரிமங்கள்' என்று ஒரு திரை வைத்தால் போதும். ஓப்பன் 3டி என்ஜின், கிரைஎன்ஜினிலிருந்து அமேசான் 2016இல் உருவாக்கிய லம்பர்யார்டின் வழிவந்தது. 2021 ஜூலையில் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளிவந்தது. காப்புரிமை பற்றி அப்பாச்சி உரிமம் வெளிப்படையாகப் பேசுவதால், பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவுகள் அதை விரும்புவதுண்டு. மூல நிரல் ஒப்படைப்பைக் கட்டாயமாக்கும் டெண்டருக்கு இவ்விரண்டும் மிகப் பொருத்தம்.

ஆனாலும் உரிமச் செலவு இல்லை என்பதற்காக மட்டும் தாவிவிடக் கூடாது. உதாரணமாக, பல கிலோமீட்டர் பரப்புள்ள துறைமுகத்தையோ விமான நிலையத்தையோ காட்டும்போது பொருள்களின் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவுகள் நடுங்காமலிருக்க, எண்களைக் கூடுதல் தசம இடங்களோடு வைத்திருக்கும் இரட்டைத் துல்லியக் கணக்கு வேண்டும். அன்ரியல் 5இல் அது உள்ளேயே இருக்கிறது, கோடோவில் அதற்கென என்ஜினைத் தனியே தொகுத்துக்கொள்ள வேண்டும். இத்தகைய வேலைக்குப் போகும் பொறியாளர் மாதங்களையும் எட்டு இருக்கைக் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சில திட்டங்களில் கட்டணமே மலிவாக இருக்கும்.

ஆய்வுத் துறையிலிருந்து வருபவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஓட்டுநரில்லா வாகன ஆய்வுக்குப் பெரிதும் பயன்படும் கார்லா சிமுலேட்டரின் நிரல் எம்.ஐ.டி. உரிமத்திலும், அதன் காட்சிப் பொருள்கள் ஆக்கியவரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்னும் சி.சி.-பை உரிமத்திலும் கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2017இல் வெளியிட்ட ட்ரோன் சிமுலேட்டரான ஏர்சிம்மின் நிரலும் எம்.ஐ.டி.தான். ஆனால் கார்லா அன்ரியலின் மேல் இயங்குகிறது. ஏர்சிம்மும் முதன்மையாக அதன் மேல்தான் கட்டப்பட்டது. மேலடுக்கு கட்டற்றது என்பதால் கீழடுக்கின் விதிகள் மறைந்துவிடுவதில்லை. பல்கலைக்கழகத்தில் கட்டணமின்றிச் செய்த ஆய்வை ஒரு நிறுவனம் எடுத்துப் பொருளாக்கும்போது, கல்விச் சலுகை அத்தோடு நின்று, வணிக விதி தொடங்குகிறது.

தன்கீழ் வந்த நிரலைச் சேர்த்து வெளியிடும் மென்பொருள் முழுவதையும் அதே உரிமத்தில் திறக்கச் சொல்லும் ஜி.பி.எல். உரிமம் இன்னும் கடினமான முட்டுக்கட்டை. அன்ரியலின் ஒப்பந்தம், தன் நிரலை ஜி.பி.எல். போன்ற உரிமங்களுக்கு உட்படுத்தும் வகையில் எதையும் அதனோடு கலப்பதைத் தடுக்கிறது. விமான இயக்கக் கணக்கீட்டுக்காக ஃப்ளைட்கியர் போன்ற ஜி.பி.எல். மென்பொருளின் நிரலை எடுத்து உள்ளே ஒட்டவைக்க முடியாது. கணக்கீட்டை ஒரு தனிச் செயலியாக ஓடவிட்டு, வலையமைப்பு வழியாகத் தரவை மட்டும் பரிமாறிக்கொள்வது பொதுவாகப் பின்பற்றப்படும் முறை. சிமுலேஷன் துறையில் இதற்கென்றே மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ.யின் டிஸ், எச்.எல்.ஏ. எனும் தரங்கள் நெடுங்காலமாக உள்ளன. பிரித்து வைத்தால் பின்னாளில் என்ஜினை மாற்றுவதும் எளிது. கிரேனின் கம்பி ஆட்டத்தையும் சுமை ஊசலையும் கணக்கிடும் பகுதிதான் நிறுவனத்தின் உண்மையான சொத்து. அதை எந்த என்ஜினோடும் பிணைக்காமல் தனி நூலகமாக வைத்திருப்பதை உரிமக் காரணத்துக்காகவும் நான் வலியுறுத்துவேன்.

என்ஜினின் உரிமம் சீரானபின், காட்சிப் பொருள்களின் உரிமங்கள் தனியே காத்திருக்கும். எபிக்கின் ஃபேப் சந்தை 2024 அக்டோபரில் திறந்தது. அதன் வழக்கமான உரிமத்தில் ஆண்டு வருவாய் ஒரு லட்சம் டாலருக்குக் கீழுள்ளவருக்கு ஒரு விலை, மேலுள்ளவருக்கு இன்னொரு விலை. உண்மைப் பொருள்களை ஸ்கேன் செய்து உருவாக்கிய குவிக்ஸல் மெகாஸ்கேன் பொருள்கள் அன்ரியலில் பயன்படுத்தக் கட்டணமின்றிக் கிடைத்த காலம் 2024 முடிவோடு போயிற்று. மெட்டாஹியூமன் என்ற மெய்நிகர் மனித உருவங்கள் அன்ரியலில் மட்டுமே பயன்படலாம் என்றிருந்த விதி 2025 ஜூனில் தளர்ந்து, பிற என்ஜின்களுக்கும் திறந்தது. யூனிட்டி அசெட் ஸ்டோரில் வாங்கும் எடிட்டர் நீட்சிகள் பயன்படுத்தும் ஆளுக்கு ஒன்றாக வாங்க வேண்டியவை. ஒன்றை வாங்கி எட்டுக் கணினியில் வைக்கக் கூடாது. வரைபடத் தரவு வேறோர் உலகம்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைத் திருத்தித் தரவுத்தளமாக வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டியிருக்கும். உலக நிலப்பரப்பை என்ஜினுக்குள் கொண்டுவரும் சீசியத்தின் அன்ரியல் நீட்சி அப்பாச்சி உரிமத்தில் இலவசம் என்றாலும், அது இழுத்துவரும் முப்பரிமாண நிலப்பரப்புக்கு அந்தந்தத் தரவு வழங்குநரின் விதிகள் உண்டு. இணையமில்லாத அறையில் இயங்க வேண்டிய சிமுலேட்டருக்கு, தரவைச் சேமித்துவைக்க அனுமதி இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், வாங்கிய இடம், தேதி, உரிம வகை, வாங்கிய கணக்கு என ஒரு விரிதாளைத் திட்டத்தின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். இறுதி வாரத்தில் அதை நிரப்ப முயல்பவர் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

இணையமில்லாத அறை என்றதும் எடிட்டரின் உரிமச் செயலாக்கமும் நினைவுக்கு வர வேண்டும். பாதுகாப்புத் துறை வளாகங்களிலும் சில மருத்துவமனைகளிலும் கணினிகள் வெளியுலகோடு இணையாது. யூனிட்டியில் உள் வலையமைப்பிலேயே உரிமங்களை வழங்கும் சர்வர் வசதி மேல்நிலை உரிமங்களுக்கு உண்டு. அது உங்கள் உரிமத்தில் அடங்குமா என்று வாங்கும் முன் உறுதிசெய்யுங்கள். அத்துடன், உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய நேரடிக் கட்டுப்பாட்டுக்கு என்ஜினைப் பயன்படுத்துவது பற்றி உரிம ஒப்பந்தங்கள் தனியாகப் பேசுவது வழக்கம். பயிற்சி சிமுலேட்டர் அந்த வகையில் சேராது. ஆனால் அதே மென்பொருளைக் கொண்டு உண்மையான கிரேனைத் தொலைவிலிருந்து இயக்கலாமே என்று வாடிக்கையாளர் ஆசைப்பட்டால், அது வேறு பயன்பாடு. வேறு ஒப்பந்தம் வேண்டும். என்ஜின் நிறுவனங்கள் தம் பொருளை எந்த உத்தரவாதமும் இல்லாமல் உள்ளபடியே தருகின்றன என்பதால், வாடிக்கையாளருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் முழுவதும் உங்கள் தலையிலேயே நிற்கும்.

வாடிக்கையாளரோடு எழுதும் ஒப்பந்தத்தில் உரிமத்துக்கென ஒரு தனிப் பிரிவு இருக்கட்டும். என்ஜினின் பெயர், பதிப்பு, இருக்கைக் கட்டணத்தை யார் ஏற்பது, பராமரிப்புக் காலத்தில் கட்டணம் உயர்ந்தால் வித்தியாசத்தை யார் தருவது, எடிட்டரைத் திறக்க வேண்டிய திருத்தங்களுக்கு எப்படிக் கட்டணம் என்பவை அதில் வர வேண்டும். ஐந்தாண்டுப் பராமரிப்பை ஒரே தொகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு ஆண்டுதோறும் மாறும் சந்தாவைச் சுமப்பது அறிவுடைமையாகாது. அன்ரியலைப் பயன்படுத்தும் பொருளில் அதன் வணிகச் சின்ன அறிவிப்பை நன்றியறிவிப்புப் பகுதியில் சேர்க்க வேண்டும் என்ற விதியும் உண்டு. தம் சின்னத்தைத் தவிர வேறெதுவும் திரையில் வரக் கூடாது என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து கட்டணம் செலுத்துபவர்களுக்கு வரி பற்றி ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து வாங்கும் மென்பொருள் உரிமத்துக்கு ஜி.எஸ்.டி.யை வாங்கும் நிறுவனமே செலுத்தும் முறை பொருந்தும். வருமான வரிப் பிடித்தத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டு நிறுவனத்திடம் பயன்பாட்டுக்கென வாங்கும் மென்பொருளின் விலை, வரி உடன்படிக்கைகளின்படி ராயல்டி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் விற்பனையில் விழுக்காடாகச் செலுத்தும் ராயல்டியையும் ஆண்டு இருக்கைக் கட்டணத்தையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது என்பதால், இரண்டில் எது உங்களுடையது என்று சொல்லி, உரிம ஒப்பந்தத்தின் நகலையும் கொடுத்து, முதல் தொகையை அனுப்புவதற்கு முன்பே உங்கள் ஆடிட்டரின் கருத்தை எழுத்தில் பெறுங்கள். இருக்கைகளை நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் கணக்கில் வாங்குங்கள். ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கிலும் சொந்தக் கடன் அட்டையிலும் வாங்கிய உரிமம் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது, அவர் வேலையை விட்டுப் போகும்போது நிறுவனத்திலும் தங்காது.